டூசானில் கண்டது கண்டங்கத்திரி அல்ல

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் படிக்கிறாள். குடியிருப்புக்குப் பின்னால் பாலைவனம் தொடங்குகிற இடத்தில் ஒரு செடியைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். ஊதாப் பூ, முள், மஞ்சளாகச் சின்னச் சின்னக் காய்கள். வீட்டில் இருக்கும் பாட்டி புதுக்கோட்டைக்காரர். படத்தைப் பார்த்த உடனே, "கண்டங்கத்திரிதான்" என்று சொல்லிவிட்டார். மகளுக்கு ஒரு மாதமாக இருமல் நிற்கவில்லை. பறித்துக் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா? மகளோடு அறையில் தங்கியிருக்கும் அமெரிக்கப் பெண் அது விஷச்செடி, தொடாதே என்கிறாளாம். ஆனால் மணத்தக்காளியையே விஷம் என்று சொல்கிறவர்கள் ஆயிற்றே, அதை நம்பலாமா?

குடிக்கக் கூடாது. முதலில் மகளைக் கூப்பிட்டு இதைச் சொல்லிவிடுங்கள், மீதியை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

அந்தப் படங்களில் இருப்பது கண்டங்கத்திரி அல்ல. அதே கத்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி. தாவரவியலில் அதன் பெயர் சொலானம் இலியக்னிஃபோலியம். இங்கே வெள்ளியிலைக் கத்திரி என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியும் வடக்கு மெக்சிகோவும் அதன் சொந்த மண். டூசான் இருக்கும் சொனோரன் பாலைவனத்தில் சாலையோரம், காலி மனை, வாய்க்கால் கரை, கார் நிறுத்தும் இடத்தின் விளிம்பு என்று எங்கு பார்த்தாலும் முளைக்கும். இலையிலும் காயிலும் சொலானின் வகை நஞ்சு இருக்கிறது. கால்நடை வளர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த செடி. மாடு தன் உடல் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு தின்றாலே நோய்ப்படக்கூடும் என்பார்கள். 400 கிலோ மாட்டுக்கு அது 400 கிராம்தான்.

பாட்டியின் கண்ணைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்தது சரியாகத்தான் பார்த்திருக்கிறார். கத்திரி, கண்டங்கத்திரி, தூதுவளை, சுண்டை, மணத்தக்காளி எல்லாம் ஒரே பேரினம். ஐந்து இதழ் ஒன்றாகச் சேர்ந்து நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும். நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாக நிமிர்ந்து நிற்கும். அந்தப் பைகள் பக்கவாட்டில் பிளக்காது, நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான் மகரந்தம் வரும். இங்கே நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் இருக்கும் சமூகத் தோட்டங்களில் காலை நேரத்தில் கத்திரிப் பாத்திக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பெரிய தச்சன் தேனீ பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமலே உடம்பை அதிரவைக்கும். உறுமுவது நன்றாகக் கேட்கும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அது வராது. அரிசோனாவில் வெள்ளியிலைக் கத்திரியின் பூவிலும் இதே வேலைதான் நடக்கிறது, அங்குள்ள தேனீக்கள் செய்கின்றன. ஆகவே பூவை வைத்துப் பார்த்தால் இந்தக் குடும்பத்தில் பாதிச் செடி ஒன்றுபோலத்தான் தெரியும். காயும் அப்படித்தான். கண்டங்கத்திரியும் இளசாக இருக்கும்போது பச்சையில் வெள்ளை வரி ஓடி, பழுத்தால் மஞ்சளாகும். வெள்ளியிலைக் கத்திரியும் பச்சையில் வரியோடு இருந்து, பழுத்தால் மஞ்சளாகி ஆரஞ்சுக்குப் போகும். முள் வேறு இரண்டிலும் உண்டு.

சிக்கலே இங்கேதான் இருக்கிறது. ஒரு செடியை அடையாளம் காண எல்லாரும் முதலில் பூவையும் காயையும் பார்க்கிறார்கள். கத்திரிக் குடும்பத்தில் அவை இரண்டும் என்ன குடும்பம் என்று சொல்லும், எந்தச் செடி என்று சொல்லாது. அண்ணன் தம்பிக்கு முகச்சாடை ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியுமா? இந்தச் செடிகளில் ஆளைப் பிரித்துக் காட்டுவது இலை, முள், செடி நிற்கிற விதம் ஆகிய மூன்றும்தான்.

நிற்கிற விதத்தில் தொடங்கலாம், அதைத் தூரத்தில் இருந்தே பார்த்துவிடலாம். கண்டங்கத்திரி தரையோடு தரையாகப் படரும். புதுக்கோட்டைப் பக்கம் பொட்டல் நிலத்தில் அது விரித்துப் போட்டது போலக் கிடப்பதைப் பாட்டி எத்தனையோ முறை பார்த்திருப்பார். உங்கள் மகள் எடுத்த முதல் படத்தில் செடி நிமிர்ந்து நிற்கிறது, பின்னால் இருக்கும் கார் சக்கரத்தின் பாதி உயரம் வருகிறது. வெள்ளியிலைக் கத்திரி அப்படித்தான் முழங்கால் உயரத்துக்கு நேராக வளரும், சில இடங்களில் இடுப்பு வரைகூட வரும். அந்த ஒரு படத்தைப் பாட்டியிடம் மறுபடி காட்டி, "நம் ஊரில் இது இப்படி எழுந்து நிற்குமா?" என்று கேளுங்கள். அவரே பதில் சொல்லிவிடுவார்.

அடுத்து இலை. கண்டங்கத்திரியின் இலை நல்ல பச்சை, ஓரம் ஆழமாக வெட்டி வெட்டி இருக்கும். வெள்ளியிலைக் கத்திரியின் இலை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். ஓரம் லேசாக அலை போல நெளியும், ஆழமான வெட்டு இருக்காது. நிறம்தான் முக்கியம்: இலை, தண்டு எல்லாம் மேலே சாம்பல் பூசியது போல வெளுத்திருக்கும். இலையின் அடிப்புறம் இன்னும் வெளுப்பு. அது தூசி இல்லை. பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்றை வைத்து அந்த அடிப்புறத்தைப் பார்த்தால் அழகான காட்சி ஒன்று தெரியும். ஒவ்வொரு முடியும் ஒரே புள்ளியில் இருந்து சுற்றிலும் கிரணம் கிரணமாகப் பிரிந்து குட்டி நட்சத்திரமாக இருக்கும். அந்த நட்சத்திரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இலையின் பச்சையே தெரியாதபடி மூடிக்கொண்டிருக்கும். வெயிலைத் திருப்பி அனுப்பவும் ஈரத்தைக் காப்பாற்றவும் பாலைவனச் செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. கண்டங்கத்திரியிலும் இளந்தளிரில் நட்சத்திர முடி கொஞ்சம் இருக்கும், ஆனால் இலை வளர்ந்ததும் பச்சை தெளிவாகத் தெரியும். வெள்ளியிலையில் அந்த வெளுப்பு கடைசி வரை போகாது.

அப்புறம் முள். கண்டங்கத்திரியின் முள்ளைக் கையில் குத்திக்கொண்டவர்களுக்கு அது மறக்காது. நேராக, பளபளப்பாக, வெளிர்மஞ்சளாக, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளும். தண்டில் மட்டும் இல்லை, இலையின் நடுநரம்பிலும் கிளைநரம்பிலும் மேலும் கீழும் எழுந்து நிற்கும். இலையை எந்தப் பக்கம் பிடித்தாலும் குத்தும். வெள்ளியிலைக் கத்திரியின் முள் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இரண்டு முதல் ஐந்து மில்லிமீட்டர் நீளம், ஊசி போல மெலிசு, செம்பழுப்பு நிறம், பெரும்பாலும் தண்டில்தான் இருக்கும். முள்ளே இல்லாத செடிகளும் உண்டு. உங்கள் மகளின் மூன்றாவது படத்தில் அவள் தண்டை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்டங்கத்திரியை அப்படிச் சாவகாசமாகப் பிடித்திருக்க முடியாது.

இந்தச் செடி அரிசோனாவோடு நின்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1901-இல் முதலில் பதிவாகி, இன்று அங்கே கோதுமை வயல்களின் பெரிய தலைவலியாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் இதை அழிக்க அமெரிக்காவில் இருந்து இலை தின்னும் வண்டையே கொண்டுபோய் விட்டார்கள். மத்தியதரைக் கடல் நாடுகளிலும் பரவியிருக்கிறது. வேர் இரண்டு மூன்று மீட்டர் ஆழம் போகும், உழும்போது துண்டாகிப்போன ஒரு சின்ன வேர் போதும், அதில் இருந்து புதிதாக முளைக்கும். நம்மவர்களுக்கு முக்கியமான செய்தி, கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கரிசல் வயல்களிலும் இது களையாக இருக்கிறது. ஆக, ஊருக்குப் போகும்போது வயலோரத்தில் பறிக்கிறவர்களும் இலையைத் திருப்பிப் பார்க்காமல் பறிக்கக் கூடாது.

சரி, நஞ்சு இருந்தால் என்ன, கொதிக்க வைத்தால் போய்விடாதா என்று கேட்பீர்கள். போகாது. சொலானின் வகை நஞ்சுகள் கொதிநீரின் சூட்டில் சிதைவதில்லை. முளைவிட்டுப் பச்சையான உருளைக்கிழங்கை வேகவைத்தாலும் சாப்பிடக் கூடாது என்பதும் இதனால்தான். கஷாயத்தில் இன்னொரு ஆபத்தும் சேர்கிறது. நாம் கஷாயத்தை எப்படி வைப்போம்? நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி ஒரு டம்ளராகச் சுண்டவிடுவோம். செடியில் இருப்பது தண்ணீரில் இறங்கும், தண்ணீர் ஆவியாகும், நஞ்சு அடியில் தங்கும். கடைசியில் குடிப்பது அதன் சாரத்தை.

பழுத்ததைப் பறித்தால் பரவாயில்லையா? இதில்தான் நம் அனுபவம் நம்மைத் தவறாக வழிநடத்தும். மணத்தக்காளியில் பச்சைக் காயில் நஞ்சு கூடுதல், கறுத்துப் பழுத்தால் குறைந்துவிடும். தக்காளியும் அப்படியே. ஆகவே "பழுத்தால் சரியாகிவிடும்" என்ற எண்ணம் நமக்குள் ஊறிக்கிடக்கிறது. வெள்ளியிலைக் கத்திரியில் நேர்மாறு. எல்லாப் பருவத்திலும் நஞ்சு உண்டு, பழுத்த பழத்தில்தான் மிக அதிகம். மஞ்சளாக, பார்க்க அழகாக, குட்டித் தக்காளி மாதிரி தொங்குகிறதே, அந்த நிலையில்தான் அதைத் தொடவே கூடாது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்த பிறகும் பழம் காய்ந்து பழுப்பாகிக் கிளையிலேயே நிற்கும். அப்போதும் நஞ்சு போயிருக்காது.

சுண்டைக்காயை மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து வற்றல் போடுகிறோமே, அதேபோல இதையும் செய்யலாமா என்று யாராவது யோசனை சொல்லலாம். தேக்கா சந்தையில் வாங்குகிற சுண்டைக்காய்க்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் பார்த்த அனுபவம் இருக்கிறது. எதைப் பறிப்பது, எந்தப் பருவத்தில், எப்படிப் பக்குவம் செய்வது, யாருக்குக் கொடுப்பது என்பதெல்லாம் அந்த ஒரு செடியோடு சேர்ந்து வந்த அறிவு. கண்டங்கத்திரிக்கும் அப்படித்தான். தசமூலத்தில் சேரும் பத்து மருந்துகளில் ஒன்று அது. சித்த வைத்தியத்தில் அதன் எந்தப் பாகம், எவ்வளவு, எதோடு சேர்த்து என்று கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைப் பக்கத்து வீட்டுச் செடிக்கு மாற்றிப் போட முடியாது. கத்திரிக் குடும்பத்தை இவ்வளவு விதமாகச் சமைக்கத் தெரிந்த நமக்குத்தான் இந்த எச்சரிக்கை கூடுதலாக வேண்டும், ஏனென்றால் நாம் பயப்படாமல் பறிப்போம்.

இணையத்தில் தேடினால் இன்னொரு செய்தி கண்ணில் படும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதே வெள்ளியிலைக் கத்திரியின் பழத்தை அரிசோனாவின் பழங்குடியினர் பாலைத் திரிக்கப் பயன்படுத்தினார்கள். வடக்கு மெக்சிகோவில் சிவாவா பகுதியில் பாலாடைக்கட்டி செய்ய இன்னும் பயன்படுத்துகிறார்கள், அங்கே ட்ரோம்பியோ என்பார்கள். உண்மைதான். பழத்தில் பாலைத் திரியவைக்கும் ஒரு நொதி இருக்கிறது. வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அமுக்கராவின் உறவுச் செடி ஒன்றின் காயை இதே வேலைக்குப் பயன்படுத்துவது உண்டு. ஆனால் அங்கே ஒரு பெரிய பாத்திரப் பாலுக்கு ஒன்றிரண்டு பழத்தின் சாறு என்று போடுகிறார்கள், அதுவும் அதைச் செய்தே வளர்ந்தவர்கள். "அங்கே மக்கள் பயன்படுத்துகிறார்களே" என்பதை வைத்துக்கொண்டு கைப்பிடி பழத்தைக் கஷாயம் வைக்க முடியாது.

இனி அந்த அறைத்தோழியைப் பற்றி. அவள் சொன்னது முழுக்கச் சரி, மகளிடம் அவளுக்கு நன்றி சொல்லச் சொல்லுங்கள். மணத்தக்காளி விஷயத்தில் அமெரிக்கர்களுக்கு இருக்கும் பயமும் காரணம் இல்லாதது அல்ல. ஐரோப்பாவில் அட்ரோப்பா பெல்லடோனா என்று ஒரு செடி இருக்கிறது, அதன் கறுப்புப் பழம் சிலவற்றைத் தின்றாலே உயிருக்கு ஆபத்து. பெயரிலும் (ஆங்கிலத்தில் இரண்டும் நைட்ஷேட்தான்) பழத்தின் நிறத்திலும் மணத்தக்காளி அதோடு குழப்பிக்கொள்ளப்படுகிறது. பிரித்துப் பார்ப்பது எளிது. பெல்லடோனாவில் பழம் தனித்தனியாக, கிட்டத்தட்டச் செர்ரி அளவுக்கு இருக்கும். பழத்தின் அடியில் இருக்கும் பச்சைப் புல்லி பெரிதாக, பழத்தைவிட அகலமாக விரிந்திருக்கும். மணத்தக்காளி சின்னது, கொத்தாகத் தொங்கும், புல்லி சின்னதாகப் பழத்தோடு ஒட்டியிருக்கும். டூசானில் தண்ணீர் பாயும் இடங்களில் மணத்தக்காளி வகைகள் முளைக்கத்தான் செய்யும். ஆனால் சாலையோரத்தில் களைக்கொல்லி அடித்திருப்பார்கள், உறவுச் செடிகளும் பக்கத்திலேயே இருக்கும். மகள் விதை வாங்கித் தொட்டியில் வளர்த்துச் சாப்பிடுவதுதான் நல்லது. இன்னொன்று, டூசானுக்குக் கிழக்கிலும் மேற்கிலும் இருக்கும் சகுவாரோ தேசியப் பூங்காவுக்குள் எந்தச் செடியையும் பறிக்க அனுமதி இல்லை, இங்கே நம் இயற்கை வனப்பகுதிகளில் பறிக்கக் கூடாதது போலவே.

அந்த ஊரில் இருக்கும் வரை உங்கள் மகள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய இன்னொரு செடி ஊமத்தை. வெள்ளியிலைக் கத்திரியைவிட இதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். சொனோரன் பாலைவனத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மழை விழுந்ததும் மணல் ஓடைகளின் ஓரத்தில் ஒரு பெரிய ஊமத்தை பூத்துக் குலுங்கும். தாவரவியல் பெயர் டட்டூரா ரைட்டியை. பூ வெள்ளை நிறம், ஓரத்தில் சில சமயம் ஊதாச் சாயல் இருக்கும், ஒரு சாண் நீளத்துக்கு எக்காளம் போல நிமிர்ந்து நிற்கும். பொழுது சாயும்போது விரியும், அந்துப்பூச்சி வந்து தேன் குடிக்கும், மறுநாள் வெயில் ஏறியதும் வாடிவிடும். இலையைக் கசக்கினால் குமட்டும் வாடை. காய் உருண்டையாக, உடம்பெல்லாம் முள்ளாக, தலைகீழாகக் கவிழ்ந்து தொங்கும். நம் ஊர் ஊமத்தையைப் பார்த்த யாருக்கும் இது உடனே தெரிந்துவிடும்.

தெரிந்துவிடுவதால்தான் எச்சரிக்கிறேன். நம் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் சிவனுக்கு உகந்த பூ என்று பூஜைக்குப் பறிக்க நினைப்பார்கள். பறித்தால் சாறு கையில் படும், அந்தக் கையோடு கண்ணைக் கசக்கினால் கண்ணின் பாவை விரிந்துவிடும். அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது மங்கலாகும், வெளிச்சம் கூசும், சரியாகச் சில நாள்கூட ஆகலாம். ஆகவே கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், அல்லது தொட்டவுடன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பறிக்காமல் விடுவது அதைவிட நல்லது. அப்புறம் இருமல், இழுப்பு என்று கேள்விப்பட்டால் பெரியவர்கள் யாராவது ஊமத்தை இலையைக் காயவைத்துப் புகை பிடிக்கச் சொல்வார்கள். அதில் இருக்கும் அட்ரோப்பின் மூச்சுக்குழாயைத் தளர்த்தும் என்பது உண்மை, ஒரு காலத்தில் ஆஸ்துமாவுக்கு ஊமத்தைச் சுருட்டே விற்றார்கள். ஆனால் ஒரு செடியில் இருக்கும் அளவு இன்னொரு செடியில் இருக்காது, ஒரே செடியிலும் இலைக்கு இலை மாறும். எவ்வளவு உள்ளே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊமத்தை நஞ்சு வேலை செய்யும் விதம் பாலைவனத்துக்கு இன்னும் மோசமாகப் பொருந்துகிறது. வாய் வறண்டுபோகும், முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், சிறுநீர் போகாது, இல்லாத ஆட்களோடு பேசத் தொடங்குவார்கள். இதற்கெல்லாம் மேலாக, வியர்வை நின்றுவிடும். டூசானில் கோடையில் 38 டிகிரிக்கு மேல் போவது சாதாரணம். அந்த வெயிலில் உடம்பைக் காப்பாற்றுவது வியர்வை ஒன்றுதான். அது நின்று, புத்தியும் தடுமாறி, ஆள் வெளியே நடக்கத் தொடங்கினால் நஞ்சுக்கு முன்னால் சூடே உயிரைப் பறித்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்டுப் புகையிலை மரம் ஒன்று அங்கே ஓடைக்கரைகளில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும், இலை நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மழமழப்பாக இருக்கும், பூ ஒல்லியான மஞ்சள் குழாய். அதைக் கீரை என்று நினைத்துச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்கள் உண்டு. கீரை என்றால் ஆசைப்படும் நமக்கு அது நினைவில் இருக்கட்டும். அதே பாலைவனத்தில் சாப்பிடக்கூடிய உறவுகளும் இருக்கின்றன. சில்டெபின் என்ற காட்டு மிளகாய், பட்டாணி அளவுக்கு உருண்டையாக, இங்கே நாம் சாப்பிடும் சில்லி பாடி மிளகாயையே தோற்கடிக்கும் காரத்தோடு, டூசானுக்குத் தெற்கே டுமகாகோரி மலைகளில் இயற்கையாகவே விளைகிறது. மகள் அதைச் சந்தையிலேயே வாங்கலாம். சீனச் சூப்பில் நாம் பார்க்கும் கோஜியின் உறவுக்காரப் புதரும் அங்கே உண்டு. ஒரே குடும்பத்தில் ஒன்று சமையலறைக்கு, ஒன்று மருத்துவமனைக்கு என்று பக்கத்துப் பக்கத்திலேயே முளைத்து நிற்கும்.

மகளோ அவள் நண்பர்களோ ஏதாவது ஒன்றைத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டால், அமெரிக்கா முழுவதற்கும் நச்சு உதவி எண் ஒன்று இருக்கிறது: 1-800-222-1222. எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. மயக்கம், வலிப்பு, மூச்சுத்திணறல் என்றால் நேராக 911. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, பால், எலுமிச்சம்பழம் என்று எதையும் கொடுத்துப் பார்க்கவும் கூடாது. செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போக வேண்டும். வெள்ளியிலைக் கத்திரி போன்றவற்றில் வயிற்றுவலி, வாந்தி, பேதி, தலைவலி, அயர்வு எல்லாம் சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கக்கூடும். "ஒரு மணி நேரம் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை" என்று நிம்மதியாகிவிட வேண்டாம்.

இனிமேல் செடிப் படம் எடுத்தால் எப்படி எடுக்க வேண்டும் என்றும் மகளிடம் சொல்லுங்கள். முழுச் செடி, பக்கத்தில் அளவு தெரிய ஒரு பேனாவோ செருப்போ. இலையின் மேல்புறம், அடிப்புறம் இரண்டும். தண்டு, முள் தெரியும்படி. பூவை முன்னால் இருந்தும் பக்கவாட்டிலும். காயை அதன் காம்போடும் புல்லியோடும். பூவை மட்டும் அழகாகக் கிட்டத்தில் எடுத்த படம் அடையாளத்துக்கு உதவாது. கைப்பேசிச் செயலிகளும் பெரும்பாலும் பூவைப் பார்த்துத்தான் சொல்கின்றன. தொட்டிச் செடியின் பெயர் தெரிந்துகொள்ள அது போதும், சாப்பிடுவதை முடிவுசெய்யப் போதாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான்: ஒரு மாதமாக நிற்காத இருமல், டூசானில். அரிசோனாவின் மண்ணில் காக்சிடியாய்டிஸ் என்ற ஒரு பூஞ்சை இருக்கிறது. புழுதி பறக்கும்போது அதன் வித்துகள் மூச்சோடு நுரையீரலுக்குள் போகும், ஒன்று முதல் மூன்று வாரத்தில் இருமல், காய்ச்சல், கடுமையான அசதி, நெஞ்சுவலி, இரவில் வியர்வை, மூட்டுவலி என்று தொடங்கும். அங்கே அதை வேலி ஃபீவர் என்கிறார்கள். அமெரிக்காவில் பதிவாகும் நோயாளிகளில் பெரும்பங்கு அரிசோனாவில்தான். ஒருவரிடம் இருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பலருக்குத் தானாகவே சரியாகிவிடும், சிலருக்குப் பூஞ்சைக்கான மருந்து தேவைப்படும். சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் அதற்கு இது அசையாது. ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். மகளுக்கு இருப்பது இதுதான் என்று நான் சொல்லவில்லை, படத்தைப் பார்த்துச் செடியைச் சொல்லலாம், இருமலைச் சொல்ல முடியாது. ஆனால் கஷாயத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இது.

அவள் படிக்கும் ஊரில் மருத்துவர்களுக்கு இந்த நோய் பழக்கம். அரிசோனா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே தனி ஆய்வு மையம் இருக்கிறது. இந்த வாரமே வளாக மருந்தகத்துக்குப் போய், "ஒரு மாதமாக இருமல், வேலி ஃபீவருக்கு ரத்தம் பார்க்க முடியுமா?" என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். வெளியே புழுதிக்காற்று அடிக்கும் நாளில் கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்கட்டும். விடுமுறைக்கு இங்கே வரும்போது இருமல் இன்னும் இருந்தால், பலதுறை மருந்தகத்தில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக அரிசோனாவில் இருந்து வருகிறேன் என்று சொல்ல வேண்டும். சிங்கப்பூர் மண்ணில் அந்தப் பூஞ்சை இல்லை, நீங்கள் சொல்லாவிட்டால் இங்குள்ள மருத்துவருக்கு அதைத் தேடிப் பார்க்கக் காரணமே இருக்காது.